நாப்பதுல வெட்டுற பழைய எஃப்ஐ வண்டி: ஒயர பாக்குறதா, சென்சார மாத்துறதா, த்ராட்டில் பாடியோட மாத்துறதா?

போன சித்திரையில இருந்து என் வண்டி நாப்பது நாப்பத்தஞ்சுல போறப்ப வெட்ட ஆரம்பிச்சுச்சு. 2011ல அப்பச்சி வாங்குன 150 சிசி எஃப்ஐ வண்டி (கார்ப்பரேட்டருக்கு பதிலா கம்ப்யூட்டர் கணக்குல பெட்ரோல் தெளிக்கிற வகை), எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு, காரைக்குடியில இருந்து தேவகோட்டைக்கு தெனம் வேலைக்கு நான் அதுலதான் போயிட்டு வர்றேன். அமராவதிபுதூர் தாண்டி தேவகோட்டை ரஸ்தா வரைக்கும் ஆக்ஸிலேட்டர ஒரே பிடியா பிடிச்சிட்டு போற ரோடு, அந்த ஒரே பிடியிலதான் வெட்டும், யாரோ பின்னாடி இருந்து வண்டிய ஒரு இழு இழுத்து விட்ட மாதிரி இருக்கும். அறுபதுக்கு ஏத்துனா சுத்தமா போகும். சிக்னல்ல நிப்பாட்டுனா ஐட்லிங் ஏறி எறங்கி ஆடும், சில நேரம் ஆஃப் ஆயிரும்.

ஒரே வாரத்துல நாலு பேரு நாலு வழி சொன்னாங்க. சர்வீஸ் சென்டர்ல, இன்ஜினுக்கு போற காத்த கூட்டி கொறைக்கிற த்ராட்டில் பாடிய முழுசா மாத்தணும்னாங்க, அதுக்கு போட்ட எஸ்டிமேட் வண்டி இன்னிக்கு வித்தா வர்ற காசுல கால்வாசிக்கு மேல. தெரு மெக்கானிக் அண்ணன் அதுல இருக்க த்ராட்டில் சென்சார லேசா திருப்பி வச்சா சரியாயிரும்னாரு. ஃப்ரெண்டு ஒருத்தன் ஆன்லைன்ல சென்சார் மட்டும் வருது வாங்கி மாட்டுன்னான். சித்தப்பா கார்ப்பரேட்டர் போட்டுரு தொல்லை விட்டுச்சுன்னாரு. நாலையும் ஒவ்வொண்ணா பாத்து, ரெண்டு மூணு பேரு வண்டியிலயும் மீட்டர் வச்சு பாத்ததுக்கு அப்புறம் எனக்கு பட்டத சொல்றேன், ஏன்னா இந்த விஷயத்துல தேவையில்லாம காசு போறது ரொம்ப சாதாரணமா நடக்குது, அதுவும் பழைய வண்டிய ஆசையா வச்சிருக்கவங்களுக்கு.

டிபிஎஸ்னு சொல்ற த்ராட்டில் சென்சார் ஒண்ணும் பெரிய மாயம் இல்ல. பழைய ரேடியோவுல சவுண்டு கூட்டுற திருகு இருக்குல்ல, அதே சமாச்சாரம்தான். உள்ள ஒரு கரித்தடம், அது மேல உரசிக்கிட்டே போற ஒரு சின்ன மெட்டல் கை. ஆக்ஸிலேட்டர முறுக்குனா த்ராட்டில் பாடியில இருக்க பட்டர்ஃப்ளை தட்டு திறக்கும், அந்த தண்டோட சேந்து இந்த கையும் நகரும். மூணு ஒயர் வரும், ஒண்ணுல ஈசியு, அதாவது வண்டியோட கம்ப்யூட்டர், 5 வோல்ட் அனுப்பும், ஒண்ணு எர்த், நடுவுல இருக்கது சிக்னல். ஆக்ஸிலேட்டர விட்டிருக்கப்ப சிக்னல் சுமார் 0.5ல இருந்து 0.7 வோல்ட், முழுசா முறுக்குனா 4 வோல்ட்டுக்கு மேல, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அந்த வோல்ட்ட வச்சுத்தான் ஈசியு எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், பிளக்குல எப்ப நெருப்பு விடணும்னு முடிவு பண்ணுது.

இப்ப ஏன் நாப்பதுல மட்டும் வெட்டுதுன்னு புரியும். நம்ம ரோட்டுல நம்ம ஓட்டுற ஓட்டுக்கு ஆக்ஸிலேட்டர் எப்பவும் கால்வாசிக்கு கீழதான் இருக்கும். வருஷக்கணக்கா அந்த கை அந்த ஒரே எடத்துல அதிர்ந்து அதிர்ந்து உரசுது, செக்கு சுத்துற மாடு மிதிச்ச தடம் மாதிரி அங்க மட்டும் கரி தேஞ்சுரும். கை அந்த எடத்துக்கு வர்றப்ப தொடர்பு விட்டு சிக்னல் பொசுக்குன்னு கீழ விழும், ஈசியு என்ன நெனைக்கும், இவரு ஆக்ஸிலேட்டர விட்டுட்டாரு போலன்னு நெனைச்சு பெட்ரோல நிப்பாட்டும், அடுத்த நொடியே சிக்னல் திரும்ப வந்ததும் தெளிக்கும். அந்த இழுப்பு அதான். அறுபதுல போறப்ப கை தேயாத எடத்துக்கு போயிருது, அதனால சுத்தமா ஓடுது.

ஆனா இதே மாதிரி வெட்டுறதுக்கு வேற காரணமும் நெறைய இருக்கு, அத ஒதுக்காம சென்சார் பக்கம் போகவே கூடாது. த்ராட்டில் பாடி உள்ள கரி புடிச்சிருந்தா ஐட்லிங் ஆடும். இன்ஜினுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவுல இருக்க ரப்பர் நம்மூர் வெயிலுக்கு வெடிச்சு காத்து உள்ள போனாலும் ஆடும், வண்டி ஐட்லிங்ல நிக்கிறப்ப அந்த ரப்பர் மேல சோப்புத்தண்ணி தெளிச்சு பாருங்க, சவுண்டு மாறுனா அங்கதான் ஓட்டை. பேட்டரி வீக்கா இருந்தாலும், பிளக் போயிருந்தாலும், ஆக்ஸிலேட்டர் கேபிள் ரொம்ப இறுக்கமா இருந்தாலும் கிட்டத்தட்ட இதே குணம்தான் காட்டும். இதெல்லாம் அரை நாள் வேலை, பெரிய செலவு ஒண்ணும் இல்ல.

மீட்டர்ல மஞ்சள் லைட் எரிஞ்சா வேலை சுலபம். ஹோண்டா எஃப்ஐ வண்டிகள்ல அந்த லைட் எட்டு தடவை மின்னுனா த்ராட்டில் சென்சார், யமஹால 15, 16னு பழுது நம்பர் வந்தா அதே பக்கம்தான். ஆனா லைட் எரியலன்னா சென்சார் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, இத நல்லா மனசுல வச்சுக்குங்க. சிக்னல் சுத்தமா அத்துப்போனாத்தான் ஈசியுக்கு பழுதுன்னு தெரியும், 1.3 வோல்ட் இருக்க வேண்டிய எடத்துல ஒரு கண்ணிமைக்கிற நேரம் 0.6 காட்டுனா அத அது நம்பிரும். என் வண்டியில கடைசி வரைக்கும் லைட் எரியவே இல்ல. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் மாட்டி பாத்துட்டு பழுது நம்பர் எதுவும் இல்லன்னுதான் சொன்னாங்க, ஆனா எஸ்டிமேட் மட்டும் முழு த்ராட்டில் பாடிக்கு போட்டாங்க, எத வச்சு போட்டாங்கன்னு கேட்டதுக்கு சரியா பதில் வரல.

அதனால மீட்டர் வச்சு பாத்தே ஆகணும். எலக்ட்ரிக்கல் வேலை பாக்குற சித்தப்பாகிட்ட இருந்து முள்ளு ஆடுற பழைய மீட்டர வாங்கிட்டு வந்தேன். நம்பர் காட்டுற டிஜிட்டல் மீட்டர் இந்த வேலைக்கு கொஞ்சம் மட்டு, சிக்னல் விழுந்து எந்திரிக்கிறத அது காட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், முள்ளு மீட்டர்ல கண்ணுக்கு தெரியும். சென்சார்ல ஒயர் வந்து மாட்டுற கப்ளர கழட்டாம, பின்பக்கமா ஒயர் உள்ள போற ரப்பர ஒட்டி ஒரு மெல்லிசான குண்டூசிய சொருகி சிக்னல் ஒயர தொட்டுக்கணும். ஒயரோட தோல குத்தி எடுக்காதீங்க, அந்த ஓட்டை வழியா ஐப்பசி மழையில தண்ணி போயி உள்ள செம்பு அழுகிரும். அதே மாதிரி 5 வோல்ட் ஒயர்ல 12 வோல்ட் எதுவும் பட்டுரக் கூடாது, பட்டா ஈசியு போயிரும், அதோட வெலைக்கு முன்னாடி மத்த செலவெல்லாம் சில்லறை.

சாவிய ஆன் பண்ணி இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம ஆக்ஸிலேட்டர எண்ணெய் ஊத்துற மாதிரி மெதுவா முறுக்குனேன். முள்ளு 0.7ல இருந்து கெளம்பி சீரா ஏறுச்சு, 1.2 தாண்டி 1.3 வர்ற எடத்துல சட்டுன்னு துவண்டு விழுந்து திரும்ப எந்திரிச்சுச்சு. திருப்பி விட்டு முறுக்குனேன், அதே எடம். பத்து தடவை பண்ணுனேன், பத்து தடவையும் அதே எடத்துலதான் விழுந்துச்சு. அதுக்கு மேல 4.1 வரைக்கும் ஒரு ஆட்டம் இல்ல. ரெண்டு மாசமா தெனம் நடுமுதுகுல வாங்குன இழுப்பு அந்த முள்ளுல அப்படியே தெரிஞ்சப்ப எனக்கு ஒரு பெரிய நிம்மதி, வண்டிக்கு வயசாயி ஓஞ்சு போகல, ஒரே ஒரு எடத்துலதான் நோவு.

எந்த வழிக்கு போறதுங்கிறது முழுக்க இந்த முள்ளு எப்படி விழுதுங்கிறத பொறுத்தது. ஆக்ஸிலேட்டரோட ஒரே எடத்துல விழுந்தா சென்சார் தேஞ்சிருக்கு. ஆக்ஸிலேட்டர அசைக்காம ஹேண்டில் பாரை இடது வலது திருப்புறப்ப விழுந்தாலோ, ஒயர விரலால ஆட்டுறப்ப விழுந்தாலோ சென்சார் மேல தப்பு இல்ல, ஒயரு இல்லன்னா கப்ளரு. எங்க முறுக்குனாலும் அளவு மொத்தமா கூடவோ கொறையவோ காட்டுனா எர்த்த பாக்கணும், சென்சாரோட எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வச்சா கிட்டத்தட்ட சைபர் காட்டணும், 0.1 வோல்ட்டுக்கு மேல போனா எங்கயோ எர்த் சரியா உக்காரல.

பள்ளத்தூர்ல இருக்க என் மாப்ள வண்டிக்கு நடந்தது இந்த ரெண்டாவது வகை. அவனுக்கு மழை பேஞ்சா மட்டும் வெட்டும், காஞ்சா சரியாயிரும். இதுக்குள்ள அவன் ஒரு சென்சார் வாங்கி மாட்டிட்டான், அதுக்கப்புறமும் வெட்டுச்சு. நான் போயி கப்ளர கழட்டுனா நடு பின்னுல வெத்தலைக்கு தடவுற சுண்ணாம்பு பச்சையில இருந்தா எப்படியிருக்கும் அந்த மாதிரி பூத்து போயி கெடக்கு. அவன் உப்புத்தாள வச்சு தேய்க்க போனான், எங்க பக்கத்து வீட்டு ஐயா சொன்னது ஞாபகம் வந்து தடுத்தேன். அவரு நம்மூர் சிக்ரில, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு, 1953ல திறந்த அந்த ஆய்வகத்துல உலோகம் அரிக்கிறத பத்தி ஆராயுறதுக்குன்னே தனி பிரிவு இருக்கு. பின்னு மேல மெல்லிசா வெள்ளீயப் பூச்சு இருக்கும், உப்புத்தாள் போட்டா அதுவும் போயிரும், அப்புறம் முன்ன விட வேகமா பூக்கும்னு அவரு ஒரு தடவை சொல்லியிருந்தாரு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு மெத்துன்னு இருக்க பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, காயவிட்டு, எலக்ட்ரிக்கலுக்கு போடுற கிரீஸ் ஒரு துளி தடவி மாட்டுனோம். நெறைய பேரு கையில கெடைக்கிற துரு எண்ணெய் ஸ்ப்ரேய அடிக்கிறாங்க, அது எண்ணெய் படலத்த விட்டுட்டு போகும், செம்மண் தூசி அதுல நல்லா ஒட்டிக்கும், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவன் வண்டி அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டல. அவன் வாங்குன புது சென்சார் தேவையே இல்லாத செலவு.

ஆகவே முதல் வழி, கப்ளரும் ஒயரும். எந்த வண்டியா இருந்தாலும் இத பாத்துட்டுத்தான் அடுத்தது. ஸ்டீயரிங் கோன் பக்கத்துல ஒயரிங் கிட் வளையுற எடத்த முக்கியமா பாருங்க, ஹேண்டில் திரும்புற ஒவ்வொரு தடவையும் அங்கதான் மடங்குது, வெளித்தோல் நல்லா இருந்தும் உள்ள கம்பி அத்திருக்கும்.

சென்சார திருப்பி வைக்கிற வழிய பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நம்ம பக்கத்துல அதிகமா நடக்குறது இதுதான். சில சென்சார்ல ஸ்க்ரூ ஓட்டை நீளவாக்குல இருக்கும், லூஸ் பண்ணி ஒரு நூல் திருப்பலாம். திருப்புனா தேஞ்ச எடம் கொஞ்சம் தள்ளிப்போகும், நாப்பதுல வெட்டுனது முப்பத்தஞ்சுல வெட்டும், ஒரு வாரத்துக்கு சரியான மாதிரி தெரியும். ஆனா ஆக்ஸிலேட்டர விட்டிருக்கப்ப இருக்க வேண்டிய வோல்ட் மாறிப்போச்சுன்னா ஈசியு எல்லா கணக்கையும் தப்பா போடும், ஐட்லிங் ஏறும், பெட்ரோல் குடிக்கும். அண்ணன் என் வண்டியில திருப்ப ஸ்க்ரூ டிரைவர எடுத்தப்ப "அண்ணே, இருங்கண்ணே, மீட்டர்ல பாத்துட்டு சொல்றேன்"னு தடுத்தேன், "தம்பி, இருபது வருஷமா பாக்குறேன்பா"ன்னாரு. அவரு அனுபவத்த நான் மதிக்கிறேன், கார்ப்பரேட்டர அவர மாதிரி காதால கேட்டு ட்யூன் பண்ண இந்த ஊர்ல ஆள் கெடையாது, ஆனா இது காதால கேக்குற வேலை இல்ல. பல வண்டியில அந்த ஸ்க்ரூவுக்கு கம்பெனியே பெயிண்ட் குறி வச்சிருப்பாங்க, சிலதுல நட்சத்திர தலை ஸ்க்ரூ போட்டிருப்பாங்க, தொடாதீங்கன்னு அர்த்தம். புது சென்சார் மாட்டுறப்ப சரியான வோல்ட்டுக்கு கொண்டுவரத்தான் அந்த நீள ஓட்டை, தேஞ்சத மறைக்க இல்ல.

சென்சார் உள்ள ஸ்ப்ரே அடிக்கிறது நாலு நாளைக்கு வரும். தேஞ்ச கரி திரும்ப முளைக்காது. விட்ருங்க.

கார்ப்பரேட்டர் போடுறது: புதுவயல் பக்கம் ஒருத்தர் போட்டு வச்சிருக்காரு, ஓட்டியும் பாத்தேன். காலையில சோக் போட்டாத்தான் எடுக்கும், பிக்கப் மந்தம். இதுல இருக்க உண்மையான சிக்கல் என்னன்னா எஃப்ஐ வண்டியில பிளக்குக்கு நெருப்பு விடுறதும் அதே ஈசியுதான், அதனால இக்னிஷனுக்கு தனி ஏற்பாடு பண்ணணும், டேங்க் உள்ள இருக்க பம்ப எடுத்துட்டு டேப் வைக்கணும், ஒயரிங் வெட்டணும். புகை சர்ட்டிபிகேட் எடுக்குறப்பவும் தொல்லை வரும். வெட்டுன ஒயரிங்க திரும்ப ஒட்டி யாரும் வண்டிய பழைய நெலைக்கு கொண்டுவந்து நான் பாக்கல. ஒரு சின்ன கரித்தடம் தேஞ்சதுக்கு இவ்வளவு பெரிய அறுவை தேவையில்ல, இத நான் உறுதியா சொல்வேன். இன்னொண்ணு, கார்ப்பரேட்டர் வண்டின்னா இந்த சென்சார் இருக்காதுன்னும் இல்ல, 2008ல வந்த யமஹா எஃப்இசட் கார்ப்பரேட்டர்லயே டிபிஎஸ் இருந்துச்சு, பிளக் டைமிங்குக்காக. அந்த மாதிரி வண்டியில சென்சார் போனாலும் வண்டி ஓடும், பிக்கப் மட்டும் அடிவாங்கும்.

மிச்சம் இருக்கது மூணு: சென்சார் மட்டும் ஒரிஜினல், சென்சார் மட்டும் டூப்ளிகேட், இல்லன்னா முழு த்ராட்டில் பாடி, அது புதுசோ பழசோ. இங்கதான் உங்க வண்டி என்ன மாடல்ங்கிறது முக்கியம். சில வண்டிக்கு டிபிஎஸ் தனியா பார்ட் நம்பரோட கெடைக்கும். சிலதுக்கு டிபிஎஸ், காத்தழுத்த சென்சார், காத்து சூட்டு சென்சார் மூணும் ஒரே டப்பாவுல த்ராட்டில் பாடியோட சேந்து வரும், தனியா தரமாட்டாங்க, சர்வீஸ் சென்டர்காரங்க முழுசா மாத்தணும்னு சொன்னா அதுவே காரணமா இருக்கலாம், அவங்கள மட்டும் கொறை சொல்ல முடியாது. ஆனா கேட்டு தெரிஞ்சுக்குங்க, பார்ட்ஸ் கேட்டலாக்ல உங்க கண்ணால படத்த பாருங்க. நான் கேட்டலாக்க காட்ட சொல்லி பாத்தேன், என் வண்டிக்கு சென்சார் தனி நம்பரோட இருந்துச்சு.

தனியா கெடைக்கும்னா ஒரிஜினலத்தான் வாங்கணும்னு நான் சொல்வேன். டூப்ளிகேட் ஒண்ண ஃப்ரெண்டு வண்டிக்கு வாங்குனப்ப மீட்டர்ல வச்சு பாத்தேன், முள்ளு எங்கயும் விழல, ஆனா முதல் பாதி வேகமா ஏறுது, அடுத்த பாதி மெதுவா ஏறுது. ஒரிஜினல் ஒரே சீரா ஏறும். ஈசியு அந்த ஒரே சீர நம்பி பெட்ரோல் கணக்கு போடுறதால டூப்ளிகேட் மாட்டுனா வெட்டு நிக்கும், மைலேஜ் அடிபடும். எல்லா டூப்ளிகேட்டும் அப்படின்னு சொல்ல வரல, கையில மீட்டர் இருக்கவங்க வாங்கி பாத்துட்டு பிடிக்கலன்னா திருப்பி அனுப்பலாம், மீட்டர் இல்லாதவங்க அந்த பக்கம் போகாதீங்க.

தனியா கெடைக்காதுன்னா பழைய த்ராட்டில் பாடி நல்ல வழி. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய மரச்சாமான் வாங்குறவங்க ஒவ்வொரு இணைப்பையும் தட்டி பாத்துத்தான வாங்குறாங்க, அதே பொறுமை இதுக்கும் வேணும். நம்மூர் காயலான் கடையில அபூர்வமா கெடைக்கும், சென்னை புதுப்பேட்டையில கெடைக்க வாய்ப்பு அதிகம். பாடி மேல அடிச்சிருக்க நம்பர் ஒத்துப்போகணும், ஒரே பேர்ல வந்த வண்டியா இருந்தாலும் புகை விதி பிஎஸ்3, பிஎஸ்4னு மாறுறப்ப பாடியும் மாறியிருக்கலாம். காசு குடுக்குறதுக்கு முன்னாடி மீட்டர ஓம்ஸ்ல வச்சு நடு பின்னுக்கும் ஒரு ஓர பின்னுக்கும் நடுவுல தொட்டுக்கிட்டு தட்ட மெதுவா திறந்து மூடி பாருங்க, பேட்டரி கூட வேண்டாம். முள்ளு சீரா போயி சீரா வந்தா எடுங்க. அதுவும் எண்பதாயிரம் ஓடுனதாத்தான் இருக்கும், உங்களுது தேஞ்ச அதே எடத்துல தேஞ்சிருக்கும், இத பாக்காம வாங்குறது காச தூக்கி ஊரணியில போடுறது. புது த்ராட்டில் பாடி வேற எதுவுமே அமையலன்னா மட்டும், அதுவும் தட்டு தண்டு ஆடி காத்து கசியுற அளவுக்கு பழைய பாடி தேஞ்சிருந்தா அப்ப அந்த செலவு நியாயம்தான்.

நான் ஒரிஜினல் சென்சார் ஆர்டர் போட்டேன், மதுரையில இருந்து வர ஒம்பது நாள் ஆச்சு. அந்த ஒம்பது நாளும் கப்ளர கழட்டி விட்டுட்டே ஓட்டுனேன், ஈசியு சென்சார் இல்லன்னு தெரிஞ்சு ஒரு உத்தேச கணக்குல ஓடும், மஞ்சள் லைட் எரியும், பிக்கப் இருக்காது, ஆனா வெட்டாது. இது ஒரு சோதனையும் கூட, கழட்டுனா வெட்டு நிக்குதுன்னா சென்சார் இல்லன்னா அதோட ஒயர்தான்னு முடிவுக்கு வந்துரலாம். எல்லா வண்டியும் இப்படி ஓடாது, சிலது நிப்பாட்டுனா திரும்ப எடுக்காது, வீட்டு வாசல்ல வச்சு பாத்துட்டு ரோட்டுக்கு எறங்குங்க.

மாட்டுறப்ப பழைய சென்சார் இருந்த எடத்த முதல்லயே கத்தி முனையால ஒரு கோடு போட்டு வச்சுக்கிட்டேன். புதுசு உக்காந்ததும் மீட்டர்ல 0.7 வர்ற வரைக்கும் திருப்பி டைட் பண்ணுனேன், டைட் பண்றப்ப ஒரு நூல் நகரும், அதனால டைட் பண்ணதுக்கு அப்புறம் திரும்ப பாக்கணும். சில வண்டிக்கு ஈசியுவ ரீசெட் பண்ணி புது அளவ கத்துக்க வைக்கணும், அதுக்கான முறை சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், ஒரு வண்டிக்கு சொன்னத இன்னொண்ணுக்கு பண்ணாதீங்க.

அன்னிக்கு சாயந்தரமே ரஸ்தா வரைக்கும் போயிட்டு வந்தேன். நாப்பதுல, நாப்பத்தி ரெண்டுல, நாப்பத்தஞ்சுல வேணும்னே பிடிச்சு பாத்தேன், ஒரு இழுப்பு இல்ல. திரும்பி வந்ததும் அப்பச்சி திண்ணையில இருந்து எந்திரிச்சு வந்து சாவிய வாங்கி தெரு முனை வரைக்கும் ஓட்டிட்டு வந்து "வாங்குனப்ப இருந்த மாதிரி இருக்குப்பா"ன்னாங்க. பழைய சென்சார தூக்கி போடல, டூல் பாக்ஸ்ல மீட்டரோடயே வச்சிருக்கேன், யாராவது வண்டி வெட்டுதுன்னு வந்தா முதல்ல அத மாட்டி முள்ளு எந்த எடத்துல எப்படி விழும்னு காட்டிட்டுத்தான் அவங்க வண்டியில கை வைக்கிறேன்.